ஓட்டைக்கு ஏது சாம்பிள்

செல்வமேரிக்குப் பாட வராது. அவள் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் சுருதி போய்விடும் என்பது பாடகர் குழுவில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் விரல்கள் வேறு மாதிரி. ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், ஆர்மோனியத்தில் பிடித்துவிடுவாள். பம்மலில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்தெருவில் இருந்த அந்தச் சின்ன ஆலயத்தில் அவளுக்கென்று இருந்த இடம் ஆர்மோனியத்துக்கு முன்னால் போட்ட முக்காலி ஒன்றுதான். அந்த ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துப் போட்டதும் அந்த இடமும் போயிற்று. பகலெல்லாம் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அது அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த அண்ணன் தானியேலுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டாள். கெஞ்சினாள். பிறகு கோபித்துக்கொண்டு கடிதம் போடுவதையே நிறுத்தினாள். அதற்குத்தான் பலன் கிடைத்தது. தொண்ணூற்று மூன்றாம் வருடம் லீவில் வந்தவன் தோளில் ஒரு நீளப் பெட்டியோடு வந்து இறங்கினான். உள்ளே கீபோர்டு.

ஆலயத்தில் அதை ஜெபம் செய்து பிரதிஷ்டை பண்ணினார்கள். செல்வமேரி வாசித்தாள். முதல் இரண்டு பெஞ்சுக்குக் கேட்டது. மூன்றாவது பெஞ்சில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேலே போனபோது அவளுக்கே கேட்கவில்லை. பிரசங்க மேடை மைக்கை இழுத்துக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அது ஊய்யென்று கத்தி, குழந்தைகளை அழவைத்தது.

ஆலயக் கமிட்டிச் செயலாளர் அசரியா, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் நாலு பேர் முன்னால் வைத்துத்தான் சொல்வார். ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்தே கேட்டார்.

"இன்னாம்மா செல்வமேரி, பொட்டி வாசிக்குதா, இல்ல நீ சும்மா விரலுக்கு எக்சர்சைஸ் குடுத்துனு கீறியா?"

"ஆம்ப்ளிஃபயர்ல குடுத்தா நல்லா கேக்கும் சார். ஒரே ஒரு சாமான்தான் வேணும்."

"அறுப்பின் பண்டிகைக்குக் கடைசி பெஞ்சுல கேக்கணும். கேக்கலன்னா பொட்டிய வூட்டுக்கு எடுத்துனு போயிடு. பல்லாவரத்துல ஒரு தம்பி கீறான், சொந்த செட்டோட வந்து வாசிச்சுட்டுப் போவான். கமிட்டியில பேசியாச்சு."

பேசியாச்சு என்றால் பேசியாச்சுதான். அவளுடைய முக்காலி இனி அந்த ஒரு சாமானின் கையில் இருந்தது.

என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கீபோர்டின் முதுகில் பென்சில் முனை போகிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் மைக்குக்கென்று இரண்டு பெரிய ஓட்டைகள், சுண்டுவிரல் நுனி போகும். அண்ணன் கொண்டுவந்த டேப்ரெக்கார்டருக்கு ஒரு ஒயர் உண்டு, இரண்டு முனையிலும் சின்னப் பின். அதன் ஒரு முனை கீபோர்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. மறுமுனை ஆம்ப்ளிஃபயரின் பெரிய ஓட்டைக்குள் கிணற்றில் போட்ட வாளி மாதிரி ஆடியது. அந்த முனைக்கு ஒரு தொப்பி போட வேண்டும்: உள்ளே சின்னப் பின் நுழைய வேண்டும், வெளியே பெரிய பின்னாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் புரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். பெயர் என்று ஒன்று உண்டு என்பதை மறந்துவிட்டாள்.

ஷிப்ட் முடிந்ததும் தாம்பரம் சண்முகம் ரோட்டில் பொன்னுசாமியின் ரேடியோக் கடைக்குப் போனாள். கீபோர்டில் அந்த ஓட்டைக்கு மேல் 'போன்ஸ்' என்று எழுதியிருந்ததால், "போன்ஸ் பின் இருக்காண்ணா?" என்று கேட்டாள். பொன்னுசாமி ஒரு டெலிபோன் ஒயரை எடுத்துப் போட்டார்.

"இது இல்லண்ணா. ஒரு பின்னுலேர்ந்து இன்னொரு பின்னுக்கு மாத்துற அடாப்டர்."

"அப்படிச் சொல்லு." அலமாரியில் ஏறி, தூசு தட்டி, கறுப்பாகச் செங்கல் துண்டு மாதிரி ஒன்றை இறக்கினார். பேட்டரிக்குப் பதில் கரண்டில் ரேடியோ பாட வைக்கிற பெட்டி.

"அண்ணா, இது எலிமினேட்டரு."

"எலிமினேட்டர்னும் சொல்லுவான், அடாப்டர்னும் சொல்லுவான். ஊரு ஒலகத்துல யார்கிட்ட போய் அடாப்டர்னு கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் குடுப்பான். கண்ணாலத்துக்கு வந்தவங்க மாதிரி பேரு தெரியாம கேட்டா நான் இன்னாத்த எடுக்கறது?"

எதிரில் இருந்த கேசட் கடையில் பையன்கள் நாலைந்து பேர் பாட்டுப் பதிய வந்து கும்பலாக நின்றிருந்தார்கள். கல்லாவில் இருந்தவன் அவள் சொன்னதைப் பாதி கேட்டதும், "ஜாக்கு வேணுமா, பின்னு வேணுமா?" என்றான். அவன் ஓட்டையை ஜாக் என்றான். அதற்கு அடுத்த கடைக்காரர் பின்னையே ஜாக் என்றார். பெரிய பின் ஒரு கடையில் மைக் பின், இன்னொன்றில் கால் இஞ்சு, மற்றொன்றில் பி தேர்ட்டி எய்ட். சின்னது ஈ.பி. பின் என்றும் வாக்மேன் பின் என்றும் இருந்தது. ஒரு கடைக்காரர் இரண்டையுமே ஸ்டீரியோ பின் என்றார், எது என்றால் 'அதாம்மா ஸ்டீரியோ' என்றார். வீட்டில் ஒரு கரண்டியை இப்படி ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு இறங்குமா என்று நினைத்துக்கொண்டே மறுபடி கேசட் கடைக்கு வந்து, "பி தேர்ட்டி எய்ட்" என்று புதிதாகக் கற்ற பெயரைச் சொன்னாள்.

"மேலா, ஃபீமேலா?" என்றான் கல்லாக்காரன்.

நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். "அக்கா, பொண்ணு பாக்க வந்தீங்களா, மாப்ள பாக்க வந்தீங்களா? கரெக்டா சொல்லுங்க, மச்சான் குழம்புறான் பாருங்க."

"உங்கம்மாவ வரச் சொல்லு, அவங்ககிட்ட சொல்றேன்" என்றாள் செல்வமேரி. சிரிப்பு நின்றது. நுழைகிற பின் மேல், அது நுழைகிற ஓட்டை ஃபீமேல் என்று ஊகித்தாள். ஆனால் அவளுக்கு வேண்டியதில் ஒரு பக்கம் அது, மறு பக்கம் இது. இரண்டும் சேர்ந்த ஒன்றை என்னவென்று சொல்வது? முகம் சிவந்துபோய்ப் படியிறங்கினாள்.

போகிற வழியில் பொன்னுசாமி கூப்பிட்டார். "ஏம்மா, இப்படிக் கடை கடையா ஏறி எறங்காத. சாம்பிள் எடுத்துனு வா. சாம்பிள் இருந்தா பேரே வேணாம். ரிச்சி தெருவுல கீற பெரிய ரேடியோக் கடைங்களுக்குப் போனாலும் அதான், சாம்பிளக் காட்டுனா வாயத் தொறக்காமயே எடுத்துக் குடுப்பான்."

உண்மைதான். அந்தக் கடைகள் அப்படித்தான் நடந்தன. பெயரை யாரும் நம்பவில்லை. சாம்பிளை எல்லோரும் நம்பினார்கள். சட்டைப்பையிலிருந்து கருகின வால்வையும் உடைந்த குமிழையும் எடுத்துக் காட்டி, அதே மாதிரி வாங்கிக்கொண்டு போனார்கள். செல்வமேரி பஸ்ஸில் நின்றபடி யோசித்தாள். அவளிடம் இருப்பது ஓட்டை. ஓட்டைக்கு எப்படிச் சாம்பிள் எடுத்துக்கொண்டு போவது? ஆம்ப்ளிஃபயரையே தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் ஏற முடியுமா?

அந்த ஓட்டையில் நுழைகிற பின்னை எடுத்துப் போகலாம் என்று தோன்றியது. ஆலயத்தில் அப்படி ஒன்று உண்டு, பிரசங்க மேடை மைக்கின் பின். ஆனால் அந்த ஒயர் மேடையிலிருந்து சுவரோரமாக ஓடி, தகரக் கிளிப்புகளில் அடிக்கப்பட்டு, கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அடித்த சுண்ணாம்பில் மூழ்கிச் சுவரோடு சுவராகிவிட்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் இருந்த அறையில் பின்னும் ஒரு முழம் ஒயரும் மட்டும் வெளியே தொங்கின.

ஆலயத்தைக் கூட்டி மணியடிக்கிற ஐசக் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ பேஜாரு? அறுத்துனு போம்மா. வந்தப்புறம் சேத்துக்கலாம். இன்னா, தொப்புள்கொடியா?" என்றான். அவனே பிளேடு கொண்டுவந்தான். செல்வமேரி ஒரு நிமிடம் தயங்கினாள். மறுநாள் சனிக்கிழமை, அதற்கு மறுநாள் பண்டிகை. பிளேடை வாங்கி அவளே அறுத்தாள். சுண்ணாம்பு ஒட்டிய வாலோடு பின் கையில் வந்தது.

சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பல்லாவரத்தில் ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தாள். ரிச்சி தெருவில் ஆள்மேல் ஆள் இடித்தது. ஒரு கடையின் முன்பலகையில் தட்டுத்தட்டாகப் பின்கள் குவிந்திருந்தன. அறுந்த பின்னையும் தன் டேப் ஒயரையும் பலகைமேல் வைத்தாள். பொன்னுசாமி சொன்ன மாதிரியே வாயைத் திறக்கவில்லை.

கடைக்காரர் பின்னை எடுத்தார். மூடியைத் திருகி, வாலைப் பிடுங்கி எறிந்து, உள்ளே பார்த்தார். "பி தேர்ட்டி எய்ட். இது ஈ.பி. ரெண்டையும் சேக்கணும், அதானே?"

"ஆமா சார்."

ஒரு டப்பாவில் கைவிட்டுப் பளபளவென்று ஒன்றை எடுத்தார். அதன் வாயில் அவளுடைய பெரிய பின்னைச் செருகினார். டக் என்று உட்கார்ந்தது. அதன் மறுமுனையை அவள் ஒயரின் சின்னப் பின்னோடு ஒட்டிப் பிடித்தார். அளவு அச்சு அசலாக இருந்தது. "பாத்துக்க. உன் சாம்பிள், என் சாமான். பி தேர்ட்டி எய்ட் டு ஈ.பி. சரியா?"

அந்த 'டக்' அவளுக்குப் பாட்டு மாதிரி இருந்தது. தலையாட்டிவிட்டாள். இத்தனை நாள் கேட்ட அத்தனை பெயருக்கும் பிறகு, ஒன்றில் ஒன்று போய் உட்கார்ந்த சத்தம் வேறு எதையும் யோசிக்க விடவில்லை. கடைக்காரர் அதற்குள் அடுத்தவருக்குத் திரும்பியிருந்தார். அவளுடைய பின்னை உருவித் தட்டில் போட்டார். தட்டில் அதே மாதிரிப் பின்கள் நூறு கிடந்தன.

"சார், அது என் பின்னு!"

"எல்லாம் ஒண்ணுதாம்மா, எதையாவது எடுத்துக்க." அவரே ஒன்றை எடுத்துக் கையில் திணித்தார். பலகைக்கு மேலே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

பம்மலுக்கு வந்து சேர்ந்தபோது தெருவில் கரண்ட் இல்லை. ஆலயத்து அறையில் ஜன்னல் வெளிச்சத்தில் சாமானை ஒயரோடு சேர்க்கப் போனாள். சேரவில்லை. ஒயரின் முனையில் சின்னப் பின், சாமானின் முனையிலும் சின்னப் பின். இரண்டு மூக்கும் முட்டிக்கொண்டன. சாமானைத் திருப்பி ஆம்ப்ளிஃபயரில் செருகப் பார்த்தாள். அங்கே பெரிய ஓட்டை, சாமானிலும் பெரிய ஓட்டை. இரண்டு வாயும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் புரிந்தது. அவளுடைய சாம்பிள் ஆம்ப்ளிஃபயருக்குள் போகிற பின். கடைக்காரர் அந்தப் பின் போகிற வாயைத் தேடிக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு வேண்டியது இன்னொரு பின். சாம்பிள் சரி, சாமானும் சரி, இரண்டும் சேர்ந்தது தப்பு. 'பி தேர்ட்டி எய்ட் டு ஈ.பி.' என்றால் எது எதற்குள் போகிறது? முதலில் சொல்வது வாயா, மூக்கா? அதை யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் பண்டிகையில் ஏலம் விடக் காணிக்கையாக வந்த பூசணிக்காய்களைப் பார்வையிட வந்த அசரியா அறைக்குள் எட்டிப்பார்த்தார். அவர் கண் நேராக அறுந்த ஒயரில் போய் நின்றது.

"யார் இதை அறுத்தது?"

ஐசக் துடைப்பத்தோடு மெதுவாக வெளியே நழுவினான்.

"நான்தான் சார். சாம்பிளுக்கு."

"சாம்பிளுக்கு!" அவர் பூசணிக்காயைக் கீழே வைத்தார். "நாளைக்கு ஏலம் யார் போடறது? நான். மைக்கு இல்லாம இருநூறு ஜனத்துக்கு எப்படிக் கத்தறது? உன் பொட்டிக்கு வாய் வேணும்னு ஆலயத்து வாயையே அறுத்துட்டியேம்மா!"

"புதுப் பின்னு இருக்கு சார். ஈயம் வெச்சுப் பத்த வெக்கணும்."

"வெய்யி."

ரேடியோக் கடை ஆளைக் கூட்டிவந்தாலும், கரண்ட் இல்லாமல் எதை வைத்துப் பற்றவைப்பது? வரும் வரும் என்று காத்திருந்தும் அன்று வரவேயில்லை. மறுநாள் ஞாயிறு, ரேடியோக் கடை ஒன்றும் திறக்காது. அன்றிரவு வீட்டில் அம்மா பண்டிகைக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டே, "நல்ல பேருள்ள சாமானா பாத்து ஆசைப்பட்டிருக்கலாம்ல?" என்றாள். செல்வமேரி முறுக்குகளைப் பொட்டலம் கட்டினாள்.

காலையில் ஆலயம் கரும்பும் வாழைத்தாருமாக நிறைந்திருந்தது. ஒரு மூலையில் கட்டிப்போட்ட கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. கரண்ட் வந்திருந்தது. செல்வமேரி அறையில் அறுந்த ஒயரையும் உபயோகமில்லாத பின்னையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐசக் மெழுகுவர்த்தி ஏற்றத் தீப்பெட்டி எடுக்க வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து நின்றான்.

"பின்னு இன்னாத்துக்கும்மா? எங்க மச்சான் மைக் செட்டு வெச்சுனு இருந்தான். அவன் எங்க பின்னப் பாத்தான்? ஒயர உள்ள வுட்டு, தீக்குச்சிய அடிச்சுடுவான். கல்யாணம், காதுகுத்து, எலெக்சன் எல்லாம் தீக்குச்சிதான்."

"இதை நேத்தே சொல்லக்கூடாதாண்ணா?"

"நீ பின்னுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன. நான் இன்னாத்த சொல்றது?"

அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. அடிக்க நேரமில்லை. ஒயரின் தோலைப் பல்லால் உரித்தாள். உள்கம்பியை ஒரு குச்சியின் நுனியில் சுற்றி ஆழமாக விட்டாள், வெளிக்கம்பியை ஓட்டையின் வாயோரம் வைத்து இன்னும் இரண்டு குச்சிகளால் இறுக்கினாள். ஐசக் ஓடிப்போய் மேடையில் மைக்கைத் தட்டினான். பட், பட் என்று ஸ்பீக்கரில் கேட்டது.

அடுத்தது கீபோர்டு. அண்ணன் கொண்டுவந்த ஒயரின் ஒரு முனையை அறுக்க வேண்டும். அது போனால் இங்கே எந்தக் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்டால் இன்னொன்று கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அறுத்தாள். முடி மாதிரி மெல்லிய கம்பி. அதன் நுனியைத் தீக்குச்சி நெருப்பில் காட்டி, பூச்சை எரித்து, இரண்டாவது ஓட்டையில் செருகி இறுக்கினாள். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினாள். ஆலயத்தின் கடைசிப் பெஞ்சுக்கும் அப்பால், வாசலில் செருப்பு விடுகிற இடம்வரை அது கேட்டது. கூடவே ஒரு 'ம்ம்ம்' என்ற இரைச்சல், யாரோ எப்போதும் ஆமோதித்துக்கொண்டே இருப்பது போல. சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தது. பாதியில் வைத்தாள்.

ஆராதனை முழுக்க வாசித்தாள். குச்சி நழுவிவிடுமோ என்ற பயத்தில் ஒரு காது பாட்டிலும் ஒரு காது அறையிலும் இருந்தன. நழுவவில்லை. அசரியா ஒருமுறை எழுந்து கடைசிப் பெஞ்சுவரை நடந்துபோய், நின்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

காணிக்கை வரிசை வந்தபோது செல்வமேரியும் எழுந்து போனாள். அம்மா சுட்ட முறுக்குப் பொட்டலத்தோடு அந்தப் பளபளப்பான சாமானையும் வைத்தாள். இனி அது தன் கண்ணில் படக்கூடாது என்பதுதான் அவள் செய்த ஜெபம்.

ஏலம் தொடங்கியது. அசரியா மைக்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆள். பூசணிக்காய்க்குக் கல்யாணப் பெண் மாதிரி வர்ணனை சொன்னார். கோழிக்கு வம்சாவளி சொன்னார். கேக்கும் கரும்பும் போயின. தட்டின் அடியிலிருந்து அந்தச் சாமானை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"அடுத்தது..." நிறுத்தினார். திருப்பிப் பார்த்தார். "அடுத்தது, இந்த... இன்னா இது?"

முன்வரிசையில் இருந்த எல்லம்மா, "தோடா இருக்கும்யா, ஒண்ணுதான் கீது, ஜோடி எங்க?" என்றாள். ஆலயம் சிரித்தது.

"செல்வமேரி, உன் சாமானா? பேரு சொல்லும்மா, பேரு தெரியாம எப்படி ஏலம் போடறது?"

அவள் எழுந்தாள். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சண்முகம் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவரை சேர்த்த அத்தனை பெயரும் நாக்கு நுனியில் வந்து முட்டின.

"எனக்குத் தெரியாது சார். கடைக்காரனுக்கும் தெரியாது. வேணுங்கறவங்க ஓட்டையப் பாத்து வாங்கிக்கட்டும்."

யாரும் கேட்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் கேட்கவில்லை. யாரும் கேட்காத காணிக்கையைச் செயலாளரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆலயத்து வழக்கம். போன வருடம் அப்படித்தான் ஒரு புளித்த ஊறுகாய் ஜாடியை எடுத்துப் போனார். இந்த வருடம் சாமானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்தார். "கடைசி பெஞ்சுல கேக்குது. பொட்டி இருக்கட்டும், நீயே வாசி. ஆனா இந்தத் தீக்குச்சி அசிங்கமா கீது. ஒரு பின்னு வாங்கறதுக்கு இவ்ளோ அமர்க்களமா? நான் வர்ற வாரம் தாம்பரம் போறேன். பேரைச் சரியாச் சொல்லிக் கேட்டா ஏன் குடுக்க மாட்டான்?"

செல்வமேரி கீபோர்டைத் துணியால் மூடினாள். முக்காலி கிடைத்துவிட்டது. அது போதும்.

அடுத்த ஞாயிறு அசரியா சீக்கிரமே வந்தார். கையில் ஒரு காகிதப் பை. அதிலிருந்து கறுப்பாக, செங்கல் துண்டு மாதிரி ஒன்றை எடுத்துக் கீபோர்டின்மேல் வைத்தார்.

"அடாப்டர்னு கேட்டேன். இதைக் கட்டிட்டான்" என்றார், நாலு பேருக்குக் கேட்காத குரலில். "அப்புறம் அந்தக் கேசட் கடையில போய்க் கேட்டா, ஒரு பொடியன், பெரிசு, மேலா ஃபீமேலான்னு கேக்கறான். என் வயசென்ன, அவன் வயசென்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெரிந்த வலியை இன்னொருவர் முகத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

"கடைசியில அந்தப் பொன்னுசாமிதான் ஒரு யோசனை சொன்னான்" என்றார் அசரியா. அவர் பார்வை அவளைத் தாண்டி, தீக்குச்சியிலிருந்து கிளம்பிக் கீபோர்டுவரை வந்த ஒயரில், அதன் முனையில் மிச்சமிருந்த ஒரே சின்னப் பின்னில் போய் நின்றது. "சாம்பிள் இருந்தா பேரே வேணாமாம்மா."

செல்வமேரி முக்காலியிலிருந்து எழுந்து, ஒயருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.